குளத்துக்காக வேஷம் கட்டலாமா? ஊர்ல ரெண்டு பக்கமும் பேசுறாங்க, அனுபவப்பட்டவங்க வழி சொல்லுங்க

குளத்துமேட்டுக்காரி | ஜனவரி 18

எல்லாருக்கும் வணக்கம். திருச்செந்தூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஊர்ப்பேர் இப்போதைக்கு வேண்டாம்.

ஊருக்குக் கிழக்கே குளம். மழை நல்லாப் பெய்ஞ்ச வருஷம் மார்ச் வரைக்கும் தண்ணி கிடக்கும். அலகுக்குக் கீழ பை தொங்குற கூழைக்கடாவும் (பெலிக்கன்) நாரையும் வந்து இறங்கும். நாலைஞ்சு வருஷமா மறுகால் (குளம் நிரம்பினா தண்ணி வழியுற இடம்) பக்கத்துக் கரையில கோழிக்கழிவு, கல்யாண வீட்டு எச்சில் இலை, பிளாஸ்டிக் கவர் எல்லாத்தையும் கொட்டுறாங்க. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு நாலு தடவை மனு எடுத்துட்டுப் போனோம். நாலு ரசீதும் பத்திரமா வச்சிருக்கேன். ரெண்டு தடவை வண்டி வந்து அள்ளிட்டுப் போச்சு. அடுத்த வாரமே பழையபடி ஆயிருச்சு.

எங்க சுயஉதவிக் குழுவுல 14 பேர். போன வாரக் கூட்டத்துல ஒரு கல்லூரிப் பையன் வந்து, "மனு கொடுத்தது போதும் அக்கா, கூழைக்கடா வேஷம் கட்டிக் கடைத்தெருவுல இறங்குவோம்"னு சொன்னான். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆனா என் மாமனார் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டாரு. "வேஷம்னா அம்மனுக்கு நேந்து கட்டுறது. அதைக் குப்பைக்குக் கட்டுவீங்களோ?"ன்னு. குழுவுலயும் பாதிப் பேர், "ஊரே சிரிக்கும், மனு கொடுத்தப்ப இருந்த மரியாதையும் போயிரும்"னு சொல்றாங்க.

எனக்கு ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் படுது. செஞ்சு பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க. இந்தக் குளம் எங்களுக்கு ரொம்ப முக்கியம், தப்பாச் செஞ்சுரக் கூடாது.

தசராசெட் | ஜனவரி 18

அக்கா, நான் 11 வருஷமா குலசை முத்தாரம்மனுக்குக் காளி வேஷம் போடுதேன். உங்க மாமனார் கோபத்துல நியாயம் இருக்கு. அதை முதல்ல சொல்லிருதேன்.

குலசேகரப்பட்டினம் தசராவை வெளியூர்க்காரங்க வந்து பார்த்துட்டு, ஏதோ மாறுவேடப் போட்டி மாதிரி படம் எடுத்துட்டுப் போறாங்க. உள்ள இருக்கிறவனுக்கு அது விரதம். மாலை போட்ட நாள்லருந்து தனியாச் சமைச்சுச் சாப்பிடணும், தரையில படுக்கணும். கொடியேத்தின பிறகு கோயில்ல காப்பு கட்டிட்டுத்தான் வேஷத்தைத் தொடணும். காளின்னா முடியும் கிரீடமும் தகரக் கைகளும் சேர்ந்து உடம்புல ஏறிருச்சுன்னா கழுத்தைத் திருப்ப முடியாது. வெயில்ல முகத்துச் சாயம் வேர்வையோட கண்ணுக்குள்ள இறங்கும். துடைக்கக் கூடாது. அப்படியே ஊர் ஊராப் போயி வீட்டு வாசல்ல நின்னு காணிக்கை வாங்கி, கடைசியில எல்லாத்தையும் அம்மன் உண்டியல்ல சேர்த்துட்டு, கடற்கரையில சூரசம்ஹாரம் பார்த்துட்டுத்தான் காப்பை அவுப்போம்.

ஆனா ஒண்ணு. குலசையில காளி மட்டுமா வாராவ? குரங்கு, கரடி, போலீஸ், டாக்டர், ராஜா, பிச்சைக்காரன் எல்லாம் உண்டு. அதுல யாரும் சாமி குத்தம் சொல்லதில்ல. அப்போ வேஷம் சாமிக்கு மட்டும்னு சொல்ல முடியாது. எதுக்குக் கட்டுதோம், எப்படிக் கட்டுதோம்ங்கிறதுதான் விஷயம். எங்க தசரா செட்டுல, அதாவது சேர்ந்து வேஷம் கட்டுத குழுவுல, ஒரு குரங்கு வேஷக்காரர் இருக்காரு. வேலை வெட்டி இல்லாம ஊருக்குள்ள யார்கூடவும் பேசாம கிடந்த மனுஷன். இப்போ பத்து நாளும் ஊர்ப் பிள்ளைக அவர் பின்னாலதான். தசரா முடிஞ்ச பிறகும் "குரங்கு மாமா"ன்னு கூப்பிட்டு வீட்டுல சோறு போடுதாவ.

சாமி வேஷத்தைத் தொடாதீங்க. கூழைக்கடா தாராளமாக் கட்டுங்க.

சாலைவிதி | ஜனவரி 19

போக்குவரத்துப் பொறியியல் படித்தவன் என்ற முறையில், எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு ஊர்களைச் சொல்கிறேன்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா. 1995-ல் அந்தானஸ் மோக்குஸ் மேயரானார். கணிதமும் தத்துவமும் படித்தவர், தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அப்போது அந்த ஊரில் சிக்னலை யாரும் மதிப்பதில்லை, போக்குவரத்துப் போலீஸ் லஞ்சத்தில் ஊறிக் கிடந்தது. அவர் முதலில் 20 மௌன நடிகர்களை வெள்ளை பூசிய முகத்தோடு சாலைச் சந்திப்புகளில் இறக்கினார். கோட்டைத் தாண்டி நிறுத்திய வண்டிக்கு முன்னால் போய் அவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். சிவப்பில் குறுக்கே ஓடுபவர் பின்னாலேயே அவர் நடையைப் போலவே நடந்து காட்டுவார்கள். அபராதம் கிடையாது, அதட்டல் கிடையாது. இது வேலை செய்வதைப் பார்த்து இன்னும் 400 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மேயரே இறுக்கமான சூப்பர்மேன் உடை போட்டுக்கொண்டு "சூப்பர் குடிமகன்" என்று தெருவில் நடந்தார். கூடவே 3,50,000 அட்டைகளை மக்களிடம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் கட்டைவிரல் மேலே, மறுபக்கம் கீழே. ஒழுங்காக ஓட்டுபவருக்கு மேலே, இல்லாதவருக்குக் கீழே. விபத்தில் ஆள் இறந்த இடங்களில் சாலையிலேயே நட்சத்திரம் வரைந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 1,300 ஆக இருந்த சாலை மரணங்கள் சுமார் பத்து ஆண்டுகளில் 600 அளவுக்கு வந்தன. மௌன நடிகர்களால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். சாலை, பேருந்து, மது விற்பனை நேரம் என்று பலதையும் கூடவே மாற்றினார்கள்.

இரண்டாவது ஊர், பொலிவியாவின் லா பாஸ். பொகோட்டாவைப் பார்த்து 2001-ல் அங்கே வரிக்குதிரை வேஷம் தொடங்கியது. முதலில் 24 பேர். வறுமையில், தெருவில் வேலை பார்த்து வளர்ந்த இளைஞர்கள்தான் வரிக்குதிரைகள். சிவப்பு விழுந்ததும் வரிக்குதிரைக் கடப்பில் (ஜீப்ரா கிராசிங்) வந்து ஆடுவார்கள், பாட்டிகளைக் கைப்பிடித்து அக்கரை சேர்ப்பார்கள், பள்ளிக்குழந்தைகளைக் கட்டிக்கொள்வார்கள். விதியை மீறும் ஓட்டுநர்களுக்கென்று கழுதை வேஷமும் உண்டு. நேற்று வரை யாரும் திரும்பிப் பார்க்காத பையனை இன்று ஊரே ஓடி வந்து கட்டிக்கொள்கிறது. அந்த உடைக்குள் இருக்கும்போது அவனுக்கு என்ன நடக்கிறதோ அதுதான் இந்தத் திட்டத்தின் பாதிப் பலன் என்று எனக்குத் தோன்றும். மேலே தசராசெட் அண்ணன் சொன்ன குரங்கு மாமா கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

மணல்மேடு | ஜனவரி 19

அக்கா கண்டிப்பா செய்யுங்க. சாயம் வாங்க என்னால முடிஞ்சது அனுப்புறேன்.

காவிரிக்கரை | ஜனவரி 19

எல்லாரும் உற்சாகப்படுத்துறீங்க. நான் கொஞ்சம் கசப்பாப் பேச வேண்டியிருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க.

2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சுது. டெல்டாவுல பயிர் கருகுச்சு. 2017 மார்ச் 14-ந் தேதி டெல்லி ஜந்தர் மந்தர்ல அய்யாக்கண்ணு தலைமையில விவசாயிகள் உட்கார்ந்தாங்க. 41 நாள். தற்கொலை செஞ்சுக்கிட்ட விவசாயிகளோட மண்டை ஓடுன்னு கழுத்துல கட்டிக்கிட்டாங்க, எலியை வாயில கவ்வுனாங்க, சேலை கட்டுனாங்க, பாதி மீசை பாதித் தலை மழிச்சாங்க, தார் ரோட்டுல சோத்தைப் போட்டுச் சாப்பிட்டாங்க. ஒவ்வொரு நாளும் முந்தின நாளை விட வேற ஏதாவது காட்ட வேண்டியிருந்துச்சு. இல்லைன்னா கேமரா வராது. என் சித்தப்பா அங்க 9 நாள் இருந்துட்டு வந்தாரு.

அவரு திரும்பி வந்ததும் ஊர்ல டீக்கடையில எல்லாரும் எலியைப் பத்திக் கேட்டாங்க. நிஜ எலியா, செத்ததா, உயிரோடவான்னு. வறட்சி நிவாரணம் 40,000 கோடி கேட்டோம், கடன் தள்ளுபடி கேட்டோம், காவிரி மேலாண்மை வாரியம் கேட்டோம்னு அவரு சொல்லச் சொல்ல, யாருக்கும் அது காதுல ஏறல. மனுஷன் அன்னைக்கு அந்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தாரு. அதுக்குப் பிறகு எந்தப் போராட்டத்துக்கும் போகல.

அந்தப் போராட்டத்தைக் குறை சொல்லல. அது இல்லைன்னா டெல்லியில நம்ம வறட்சி தெரிஞ்சே இருக்காது. ஆனா காட்சி பெருசாப் பெருசா கோரிக்கை சின்னதாயிட்டே போச்சு. உங்க கூழைக்கடாவுக்கும் அதே கதி வரலாம். ஜனங்க கூழைக்கடாவோட செல்ஃபி எடுப்பாங்க, குப்பையைக் கொட்டிட்டுப் போவாங்க. அதைத் தடுக்க என்ன வச்சிருக்கீங்கன்னு முதல்ல யோசிங்க.

திண்ணைநாடகம் | ஜனவரி 20

காவிரிக்கரை தோழர் சொன்னது சரியான இடத்தில் கை வைக்கிறது. 20 வருடம் தெருநாடகம் போட்டவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன்.

நாங்கள் எந்த வேலையை எடுத்தாலும் கேட்டுக்கொள்ளும் ஒரே கேள்வி: பார்க்கிறவருக்கு என்ன வேலை? அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனால் அது வேடிக்கை. அவர் கையில் ஒரு வேலை இருந்தால் அவரும் உள்ளே வந்துவிட்டார்.

பொகோட்டாவில் மௌன நடிகர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த அட்டை. நடிகர் இல்லாத சந்திப்பிலும் ஒரு சாதாரண ஆள் கையைத் தூக்க முடிந்தது. குலசையில் காணிக்கை அதே வேலையைத்தான் செய்கிறது. வாசலில் வந்து நிற்கும் காளிக்கு ஒரு ரூபாய் போடுகிற கிழவியும் அந்த விரதத்தில் பங்காளி. தசராசெட் அண்ணே, நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், இந்த இழையில் இதுவரை வந்ததில் முக்கியமான விஷயம் அதுதான்.

போலந்தில் விரோட்ஸ்வாஃப் என்று ஒரு ஊர். ராணுவச் சட்டம் இருந்த 1980-களின் தொடக்கம். சுவரில் யாராவது அரசுக்கு எதிராக எழுதினால் வெள்ளையடித்து மறைப்பார்கள். வால்டெமார் ஃபிட்ரிக் என்ற ஓவியரும் நண்பர்களும் 1982-லிருந்து அந்த வெள்ளைத் திட்டுகள் மேல், குழந்தைக் கதைகளில் வரும் குள்ளர் படம் வரைந்தார்கள். ஆரஞ்சு மாற்று என்று அவர்களுக்குப் பெயர். பிறகு ஆட்களே குள்ளர் தொப்பி போட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1988 ஜூன் 1, குழந்தைகள் தினத்தன்று 10,000 பேருக்கு மேல் ஆரஞ்சு நிறக் குள்ளர் தொப்பியோடு நடந்தார்கள். போலீஸ் என்ன செய்யும்? குள்ளர்களைக் கைது செய்தோம் என்று அறிக்கை எழுத வேண்டும். அரசை எதிர்த்துக் கோஷம் போடப் பயந்தவர்கூடத் தொப்பி போடத் தயார். அந்தத் தொப்பிதான் அங்கே பார்க்கிறவருக்குக் கொடுத்த வேலை. இன்று அந்த ஊர்த் தெருவில் குள்ளர் சிலையே நிற்கிறது.

இன்னொன்று, மெக்சிகோ நகரம். 1985 செப்டம்பர் பூகம்பத்தில் வீடிழந்த வாடகைக்காரர்கள் குடியிருப்போர் சங்கம் கட்டினார்கள். 1987-ல் அவர்களிடையே ஒருவர் மல்யுத்த வீரர்கள் போடும் முகமூடியோடு, சிவப்பு மஞ்சள் உடையில், நெஞ்சில் எழுத்துப் பொறித்து வந்து நின்றார். சூப்பர் பாரியோ என்று பெயர். பாரியோ என்றால் பேட்டை. மல்யுத்தம் அங்கே ஏழை மக்களின் சொந்தத் திருவிழா, நமக்குக் கூத்து மாதிரி. வீட்டைக் காலி செய்ய ஆள் வரும் இடத்தில் அவர் போய் வாசலில் நிற்பார், சங்கத்து மக்கள் சூழ்ந்து நிற்பார்கள். அதிகாரியோடு மேசைக்கு எதிரே முகமூடியோடு உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்துவார். முகம் தெரியாததால் அவரை விலைக்கு வாங்கவும் முடியாது, தனியாகப் பிடித்து மிரட்டவும் முடியாது. அவருக்குப் பின்னால் வாடகைக் கணக்கும் மனுவும் வழக்கும் பார்க்கிற சங்கம் இருந்தது. அது இல்லாமல் அந்த முகமூடிக்கு ஒரு நாள் ஆயுள்தான்.

தோழர் சொன்ன டெல்லிக் காட்சியில் பார்க்கிறவருக்கு வேலை இல்லை. பார்த்துப் பதறுவது மட்டும்தான். பதற்றம் ஒரு நாளில் பழகிவிடும்.

சைக்கிள்டீச்சர் | ஜனவரி 20

புதுக்கோட்டையிலிருந்து எழுதறேன். இப்போ எனக்கு 58 வயசு. 1991-ல அறிவொளி இயக்கத்துல, அதாவது பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த இயக்கத்துல, தொண்டரா இருந்தேன்.

நாங்க எந்த வேஷமும் கட்டல. கலைப்பயணம் வரும், பாட்டு உண்டு, சின்னச் சின்ன நாடகம் உண்டு. ஆனா ஊரே வாசலுக்கு வந்து நின்னு பார்த்த காட்சி எது தெரியுமா? நாங்க சைக்கிள் ஓட்டினதுதான். பாவாடை தாவணியிலயும் சேலையிலயும் பொம்பளைங்க வரிசையா சைக்கிள்ல வந்தோம். அப்போ மாவட்ட ஆட்சியரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா அறிவொளிப் பாடத்தோட சைக்கிளையும் சேர்த்தாங்க. சாயங்காலம் பாடம், ஞாயித்துக்கிழமை மைதானத்துல சைக்கிள். கல்லுடைக்கிற பொம்பளைங்க, அங்கன்வாடி ஆயா, பூக்கட்டுறவங்க எல்லாம் விழுந்து எழுந்து பழகினாங்க. லேடீஸ் சைக்கிள் கடைகள்ல தீர்ந்து போச்சு. ஆம்பளை சைக்கிளையே வாங்கினோம். அதுல முன்னால கம்பி இருக்கும்ல, பிள்ளையை அதுல உட்கார வச்சுக்கலாம்.

கேலி பண்ணினாங்க. என்னையே எங்க தெரு முனையில நின்னு ரெண்டு பேரு அசிங்கமாப் பேசினாங்க. நான் இறங்கல. இறங்கினா அவ்வளவுதான்னு எனக்குத் தெரியும். மூணு மாசம் கழிச்சு அதுல ஒருத்தரு அவரோட பொண்ணைக் கூட்டிட்டு வந்து "கத்துக்கொடு"ன்னாரு.

குளத்துமேட்டுக்காரி தங்கச்சிக்கு நான் சொல்றது, ஊர் சிரிக்கும்னு பயப்படாதே. முதல் வாரம் சிரிக்கத்தான் செய்யும். ரெண்டாவது வாரமும் நீ வந்து நிப்பியாங்கிறதுதான் கேள்வி.

பாசிமணி | ஜனவரி 21

எல்லாரும் வேஷத்தைப் பத்திப் பேசும்போது யாரும் சொல்லாத ஒண்ணை நான் சொல்லணும். நான் குறவர் சமூகத்துப் பொண்ணு. எம்.ஏ. படிச்சிருக்கேன்.

கோயில் திருவிழாவுல "குறவன் குறத்தி"ன்னு ஆடுவாங்க. பாவாடையை ஏத்திக் கட்டி, ரெட்டை அர்த்தத்துல பேசி, கூட்டம் விசிலடிக்கும். அதைப் பார்த்துட்டு மறுநாள் ஸ்கூல்ல என்னை அதே மாதிரி ஆடச் சொல்வாங்க. நான் ஆறாவது படிக்கும்போது. எங்க ஆளுங்க வருஷக்கணக்காப் போராடி, 2023-ல அந்த ஆட்டத்துக்கு அரசு தடை போட்டுச்சு.

கூழைக்கடா வேஷம் கட்டுங்க, ஆமை கட்டுங்க, மீன் கட்டுங்க. ஆனா கூடவே சிரிப்புக்குன்னு ஒரு பிச்சைக்காரன், ஒரு பைத்தியம், சேலை கட்டின ஆம்பளை, குப்பை பொறுக்குறவர்னு சேர்க்காதீங்க. முக்கியமா தூய்மைக் காவலர் வேஷத்தை வேற யாரும் போடாதீங்க. நிஜமான தூய்மைக் காவலர் அக்கா உங்க ஊர்ல இருப்பாங்க. அவங்ககிட்ட முதல்ல போய் இந்தத் திட்டத்தைச் சொல்லுங்க. குப்பை எங்க இருந்து வருதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது.

குளத்துமேட்டுக்காரி | ஜனவரி 23

ரெண்டு நாளா இதைத்தான் படிச்சுட்டு இருக்கேன். குழுக் கூட்டத்துல எல்லாப் பதிவையும் சத்தமா வாசிச்சேன். பாசிமணி, உங்க பதிவை வாசிச்ச பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசல. சிரிப்புக்குன்னு ஒரு குடிகாரன் வேஷம் சேர்க்கலாம்னு பசங்க சொல்லியிருந்தாங்க, அதை எடுத்தாச்சு. தூய்மைக் காவலர் அக்காவைப் போய்ப் பார்த்தோம். கோழிக்கழிவு மூணு கடையிலருந்து வருது, ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்கூட்டர்ல கொண்டு வர்றாங்கன்னு சொன்னாங்க. இத்தனை நாள் அவங்ககிட்ட யாரும் கேட்டதே இல்லையாம்.

பார்க்கிறவங்களுக்கு என்ன வேலைங்கிற கேள்விக்கு எங்க யோசனை இது. கூழைக்கடாவுக்கு அலகுக்குக் கீழ பெரிய பை இருக்குல்ல. கடைத்தெருவுல போகும்போது ஜனங்க பிளாஸ்டிக் கவரை எல்லாம் அந்தப் பைக்குள்ள போடட்டும். நாங்க கொண்டு போய்ச் சேர்க்கிறோம். எப்படி?

நீர்க்காகம் | ஜனவரி 23

வேண்டாம். தயவு செய்து வேண்டாம்.

நான் பறவை பார்க்கிறவன். பிளாஸ்டிக் தின்று செத்த பறவையின் வயிற்றை அறுத்துப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கையில் கவரைக் கொடுத்துக் கூழைக்கடா வாயில் போடச் சொன்னால், கூழைக்கடா குப்பைத்தொட்டி என்றுதான் அவர்கள் மனதில் பதியும். நல்ல எண்ணம்தான், ஆனால் காட்சி நேர் எதிராகப் பேசுகிறது. அந்தப் பை மீனுக்கானது. தண்ணீரோடு மீனை அள்ளி, தண்ணீரை வடித்துவிட்டு மீனை விழுங்கும். அந்தப் பைக்குள் மீன்தான் விழ வேண்டும்.

உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை, நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். அங்கே பறவைகள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்ற நம்பிக்கை அங்கே பல தலைமுறையாக இருக்கிறது. உங்கள் கூழைக்கடா கடைத்தெருவில் பிச்சை கேட்க வேண்டாம், குற்றம் சொல்லவும் வேண்டாம். வருஷா வருஷம் வருகிற விருந்தாளியாக வரட்டும்.

தசராசெட் | ஜனவரி 24

நீர்க்காகம் தம்பி சொன்னதுல எனக்கு ஒண்ணு தோணுது. உங்க பக்கம் பனைதானே அக்கா? ஓலையில மீன் முடைவாங்களே, சின்ன வயசுல குருத்தோலையில செஞ்சு கையில தருவாங்க. ஆளுக்கு ஒரு ஓலை மீன் கொடுத்து அந்தப் பையில போடச் சொல்லுங்க. வேஷத்துக்கு அலகையும் ஓலையிலயே முடையலாம். தகரமோ பைபரோ வேண்டாம், கழுத்து தாங்காது.

வேஷம் கட்டுறதுக்குச் சில விஷயம். தலைக்கட்டு முதல்ல. பழைய வேட்டியைச் சுத்தி இறுக்கிட்டு அதுக்கு மேலதான் சட்டம் ஏறணும், இல்லைன்னா நெத்தி அறுத்துரும். அலகு முன்னால நீட்டுறதால பின்னால எடை கட்டணும், மணல் பை போதும். கண்ணுக்குத் தெரியுத மாதிரி ஓட்டை பெருசா விடுங்க. ஒரு ஆளு அரை மணி நேரத்துக்கு மேல உள்ள இருக்கக் கூடாது. பக்கத்துலயே ஒருத்தர் தண்ணியோட நடக்கணும். பிள்ளைக சிறகைப் பிடிச்சு இழுக்கும், கோபப்படாத ஆளை உள்ள விடுங்க.

உங்க மாமனார்கிட்ட, "ஓலை வெட்டித் தாங்க மாமா, எங்களுக்கு எது குருத்து எது சாரோலைன்னு தெரியல"ன்னு கேட்டுப் பாருங்க.

காவிரிக்கரை | ஜனவரி 24

ஓலை மீன் நல்ல யோசனை. அதுல ஒண்ணு சேர்த்தா என் கேள்விக்கும் பதில் வந்துரும். மீன் மேல வீட்டுக்காரங்க பேரை எழுதட்டும், "எங்க வீட்டுக் குப்பை குளத்துக்கு வராது"ன்னு கையெழுத்துப் போடட்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை கூடும். பையோட கொண்டு போயி மேசையில கொட்டுங்க. தீர்மானம் என்ன வேணும்னு இப்பவே எழுதி வைங்க. கோழிக்கழிவை எடுக்க எந்தக் கிழமை வண்டி வரணும், எங்க கொண்டு போகணும், ராத்திரி கொட்டினா என்ன அபராதம். தீர்மான நோட்டுல ஏறினதைப் படிச்சுப் பார்த்துட்டு, அதுக்குப் பிறகு கையெழுத்துப் போடுங்க. வெள்ளைத் தாள்ல யாரும் கையெழுத்துப் போடாதீங்க, எங்க ஊர்ல அப்படி ஏமாந்திருக்கோம்.

என் சித்தப்பாவுக்கு இந்த இழையை வாசிச்சுக் காட்டினேன். "மீன் எத்தனைன்னு எண்ணி எழுதி வைக்கச் சொல்லு"ன்னாரு.

திண்ணைநாடகம் | ஜனவரி 25

சித்தப்பாவுக்கு என் வணக்கம், தோழர்.

ஊர்வலம் மாதிரி போவதாக இருந்தால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், ஒரு பறை போதும்.

குளத்துமேட்டுக்காரி | மார்ச் 25

இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிக்கணும். நடந்ததை அப்படியே சொல்றேன்.

மாமனார்கிட்ட ஓலை கேட்டேன். ஒண்ணும் சொல்லல. மறுநாள் விடியக்காலையில முற்றத்துல ஒரு கட்டு குருத்தோலை கிடந்துச்சு. சாயங்காலம் பெண்கள் உட்கார்ந்து மீன் முடையும்போது பக்கத்துல வந்து நின்னு பார்த்தாரு. நான் முடைஞ்ச மீனுக்கு வால் பிரிஞ்சு பிரிஞ்சு போச்சு. கையிலருந்து வாங்கி, ஓலையைத் தண்ணியில நனைச்சு, நகத்தால ஈர்க்கைக் கிழிச்சு எடுத்துட்டு, நாலே மடிப்புல முடிச்சுக் கொடுத்தாரு. அலகை அவருதான் முடைஞ்சாரு. மூணு நாளாச்சு. பை என் பழைய பருத்திச் சேலை, செம்பருத்திச் சாயம் போட்டது. உள்ள இருக்கிறவங்க மாத்தி மாத்தி நாலு பேரு. அதுல ஒருத்தி தூய்மைக் காவலர் அக்காவோட மக.

மூணு ஞாயித்துக்கிழமை போனோம். முதல் வாரம் சைக்கிள்டீச்சர் அம்மா சொன்னபடிதான். சிரிச்சாங்க, வீடியோ எடுத்தாங்க, 19 மீன்தான் விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து படுத்தப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு. ரெண்டாவது வாரம் வாசல் வாசலாப் போனோம், குலசைக்குக் காணிக்கை வாங்கப் போற மாதிரி. கூழைக்கடா பேசாது, தலையைக் குனிஞ்சு நிக்கும், பறை நின்னுரும், அவ்வளவுதான். "எங்க அம்மா காலத்துல இது குளத்துல வெள்ளையாப் பரந்து கிடக்கும்"னு ஒரு பாட்டி சொல்லி, மீனைப் போட்டுட்டு அலகைத் தடவிக் கொடுத்தாங்க. அன்னைக்கு 88. மூணாவது வாரம் 61. மொத்தம் 168 வீடு. எங்க ஊர்ல 230 வீடு இருக்கும்.

மார்ச் 22 கிராம சபையில பையை மேசையில கவிழ்த்தோம். மீன் வழிஞ்சு தரையில விழுந்துச்சு. ஊராட்சிச் செயலர் ஒவ்வொண்ணா எடுத்துப் பேரை வாசிக்க ஆரம்பிச்சாரு. பேர் வந்தவங்க எல்லாம் எழுந்து நின்னாங்க, யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கல. பெரிய டிரம் ஒண்ணு, வாரம் ரெண்டு தடவை கோழிக்கழிவு வண்டி, ராத்திரி கொட்டினா அபராதம்னு தீர்மானம். நோட்டுல ஏறினதை வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம் காவிரிக்கரை அண்ணே.

மூணு கடையில ரெண்டு கடை நிறுத்தியாச்சு. மூணாவது கடை இன்னும் கொட்டுது. நேத்து ராத்திரியும் பார்த்தோம். அந்த அண்ணாச்சி வீட்டு வாசலுக்கும் கூழைக்கடா போய் நின்னுச்சு, கதவைத் திறக்கல. அடுத்த ஞாயிறும் போவோம்.

பக்கத்து ஊர்ல ஒரு கண்மாய்க்குன்னு வேஷத்தை இரவல் கேட்டாங்க. அலகு ஏற்கெனவே ஒரு பக்கம் ஒடிஞ்சிருக்கு. மாமனார், "இரவல் வேண்டாம், வந்து முடையக் கத்துக்கிட்டுப் போகச் சொல்லு. அவங்க கண்மாய்ல என்ன பறவை வருதோ அதைக் கட்டட்டும்"னு சொல்லிட்டாரு. ஏப்ரல் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்க முற்றத்துல உட்காருறோம். ஓலை இருக்கு. கத்தி மட்டும் அவங்கவங்க கொண்டு வரணும்.